கணினிக்குள் கொதித்த கெண்டி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நீண்ட ஓய்வெடுத்துக்கொண்டு, தன் மூன்றாவது மாபெரும் சாதனையைத் துருக்கியில் எங்கள் மராஷ் நகரத்தில், ஒரு பாத்திரத் தொழிற்சாலையின் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில் நிகழ்த்தியது. அடுப்பில்லாமல், தண்ணீரில்லாமல், கெண்டியே இல்லாமல் ஒரு கெண்டியைக் கொதிக்க வைத்தது. அந்த மேசை என்னுடையது. அடக்கமாக இருக்கத்தான் நினைக்கிறேன். சரித்திரம் விடமாட்டேன் என்கிறது.

என் பெயர் ரெஃபிக். 'வெப்பத் தகைவு மற்றும் தொடுகை ஆய்வுத் துறை'யின் தலைவர். துறையில் நான் ஒருவன்தான். ஆகவே எங்கள் துறைக் கூட்டங்களில் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

துறையின் வேலை மகத்தானது, ஆனால் எளிது. எந்தப் பொருளையும் கணினிக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வலைபோலக் கோத்துவிட வேண்டும். சூடு ஏறினால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு விரியும், விரிய இடமில்லாமல் பக்கத்துத் துண்டை எவ்வளவு நெருக்கும் என்று கணினி கணக்குப் போடும். அந்த நெருக்கலுக்குத்தான் தகைவு என்று பெயர். கடைசியில் ஒரு வண்ணப் படம் வரும். நீலம் என்றால் பாத்திரம் நிம்மதியாக இருக்கிறது. சிவப்பு என்றால் அவதிப்படுகிறது. வாணலிகளின் மனக்கவலையைப் பார்த்துச் சொல்லும் வைத்தியர் என்று ஊரில் யாரும் என்னைச் சொன்னதில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

எங்களூரில் தேநீருக்கு இரட்டைக் கெண்டி. கீழ்க்கெண்டியில் தண்ணீர் கொதிக்கும். அதன் வாய்மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கெண்டியில் டிகாஷன் இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஆவி புஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கும். மேல்கெண்டி கடகடவென்று ஆடும். தலைமுறை தலைமுறையாக அது ஆடியது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, எங்கள் முதலாளி நெவ்சாத் அவர்களைத் தவிர.

ஒருநாள் அவர் தன் தேநீர் வருவதற்காகக் காத்திருந்தபோது, மாபெரும் மனிதர்களுக்கு மட்டுமே தோன்றும் கேள்வி அவருக்குத் தோன்றியது.

"இந்த ஆவி எங்கப்பா போகுது?"

"காத்துல போகுது முதலாளி" என்றார் விற்பனை மேலாளர் ஜெலால். முதலாளி எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொல்வது ஜெலாலின் வேலை. சரியான பதில் சொல்வது வேறு யாருடைய வேலையோ.

"சும்மா போகுதா?"

"சும்மாதான் போகுது."

"நம்ம கம்பெனி கெண்டியில எதுவும் சும்மா போகக் கூடாது!"

இப்படிப் பிறந்ததுதான் 'சிக்கனச் சிகரம்'. மேல்கெண்டியின் அடியில் ஒரு அலுமினிய வளையம். அது கீழ்க்கெண்டியின் எஃகு வாய்க்குள் கச்சிதமாக உட்காரும். ஆவி கசியாது. கெண்டி ஆடாது. எரிவாயு மிச்சம். முதலாளி தன் கையாலேயே ஒரு காகிதக் கைக்குட்டையில் படம் வரைந்து கொடுத்தார். அதை ஜெலால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

சோதனைக்கூடத் தலைவி முனெவ்வர் அக்கா மட்டும் அந்தப் படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படித்த அதே கல்லூரியில் எனக்கு மூத்தவர். அவர் கூடத்தில் வரிசையாக அடுப்புகள். காலையிலிருந்து மாலைவரை கெண்டிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். சோதனை முடிவுகளை அவர் ஊற்றிக் குடித்துவிடுவார்.

"அலுமினியம் எஃகைவிட அதிகமா விரியும்" என்றார். "சூட்டுல வளையம் வாயை இறுக்கிப் பிடிச்சுக்காதா? அப்போ ஆவி எங்க போகும்?"

"ஆவி என் துறை இல்லைக்கா" என்றேன். "என் துறை தகைவும் தொடுகையும் மட்டும்தான்."

"சரி, உன் துறையாவது என்ன சொல்லுது?"

இங்கே தொடுகையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடுவது நமக்குச் சாதாரணம். கணினிக்கு அது நரகம். தொடுகிறதா, தொடவில்லையா, தொட்டபின் வழுக்குகிறதா, பிடிக்கிறதா, விலகுகிறதா என்று துண்டு துண்டாக அது யோசிக்க வேண்டும். ஒரு துண்டு தொட்டால் பக்கத்துத் துண்டு விலகும். அதைச் சரிசெய்தால் இது விலகும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்போல இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிவிட்டு, கடைசியில் 'முடிவுக்கு வர இயலவில்லை' என்று எழுதிக்காட்டிப் படுத்துவிடும். எங்கள் கெண்டிக்காக அது பலமுறை படுத்தது.

எந்தத் துறைத் தலைவரும் இத்தகைய நெருக்கடியில்தான் பிரகாசிக்கிறார். மென்பொருளின் ஒரு மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: 'ஒட்டப்பட்டது'. அதில் ஒரு குறி போட்டால், இரண்டு பரப்புகளும் பசை போட்டதுபோல ஒன்றாகிவிட்டதாகக் கணினி நம்பும். தொடுவதா, விலகுவதா என்ற யோசனையே கிடையாது. குறி போட்டேன். நான் எழுந்துபோய் எள்ளு ரொட்டி ஒன்று வாங்கி வருவதற்குள் விடை தயாராக இருந்தது.

முனெவ்வர் அக்கா திரையைப் பார்த்தார். "ஒட்டினா மாதிரி வச்சுட்டியா? கெண்டிய பிரிக்கவே முடியாதேப்பா?"

"கணக்குலதான்க்கா ஒட்டியிருக்கு. நிஜத்துல பிரியும்."

"நிஜத்துல பிரியும்னு எப்படித் தெரியும்?"

"ஏன்னா நிஜத்துல நான் ஒட்டல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தன் அடுப்புகளிடம் திரும்பிப் போனார். நான் வென்றுவிட்டதாகக் குறித்துக்கொண்டேன்.

படத்தை முதலாளியிடம் காட்டினேன். கெண்டி முழுக்க நீலம், பச்சை. வளையத்தைச் சுற்றி மட்டும் ரத்தச் சிவப்பு.

"இது என்ன செவப்பு?" முகம் சுளித்தார். "பாக்கவே ஒரு மாதிரி இருக்கே."

"அங்க தகைவு ஜாஸ்தி முதலாளி."

"குறைக்க முடியாதா?"

"கெண்டியை மாத்தணும்."

"கெண்டி நான் வரைஞ்சது."

நான் கெண்டியை மாற்றவில்லை. வண்ண அளவுகோலை மாற்றினேன். எவ்வளவு தகைவுக்குச் சிவப்பு என்று முடிவு செய்வது துறைத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சிவப்பின் எல்லைக்கோட்டைச் சற்று மேலே தள்ளினேன், சிவப்பு மஞ்சளாயிற்று. இன்னும் தள்ளினேன், பச்சையாயிற்று. முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். கெண்டி முழுக்க மத்தியதரைக் கடல்போல நீலமானதும் அவர் மேசையைத் தட்டினார்.

"இதுதான்யா அறிவியல்!"

ஜெலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எப்போதும் சற்று நீர் வடியும் கண். ஆனாலும் அந்த வேளைக்குப் பொருத்தமாக இருந்தது.

அன்றே இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. கணினியே கொதிக்க வைக்கும்போது அடுப்புகள் எதற்கு? சோதனைக்கூடம் மூடப்பட்டது. முனெவ்வர் அக்கா 'வாடிக்கையாளர் உறவு மேம்பாட்டு மையத்துக்கு' உயர்த்தப்பட்டார். அதாவது, கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. குறை சொல்பவர்களின் அழைப்பை எடுக்க வேண்டும். சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது என் மேசைப் பக்கம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உன் அளவுகோல் பெருசாகிக்கிட்டே போகுது தம்பி" என்றார். "நீ மட்டும் அப்படியே இருக்க."

பாராட்டா, இல்லையா என்று பிரித்தறிய முடியாத வாக்கியம். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

'சிக்கனச் சிகரம்' சந்தைக்கு வந்தது. வரிசையிலிருந்து இறங்கிய முதல் கெண்டியை நாடாக் கட்டி என் மனைவி நெர்மினுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெர்மின் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். தலையில் சுருள்மாட்டிய பெண்கள் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே நகரத்தின் திருமணங்களை நிச்சயிப்பார்கள், முறிப்பார்கள்.

"உன் கம்ப்யூட்டர்ல பாத்த கெண்டி இதுதானா?" என்றாள்.

"இதேதான். முழுக்க நீலம்."

"வெள்ளியாட்டம் இருக்கே?"

"உள்ளுக்குள்ள நீலம்."

அவள் சிரித்தாள். கெண்டி கடைக்குப் போனது.

கொஞ்ச நாளில் கீழ்த்தளத்துத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது முனெவ்வர் அக்கா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, என்னை விரலால் கூப்பிட்டார். உள்ளிருந்து ஒரு ஆண் குரல் கத்தியது: "அம்மா, மேல் கெண்டி கழலவே மாட்டேங்குது! நானும் என் மச்சானும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். கைப்பிடிதான் பேந்து வந்துச்சு!"

அழைப்பு முடிந்ததும் அக்கா சொன்னார்: "சோதனைக்கூடத்தை மூடலப்பா. நாடு முழுக்கத் திறந்துட்டோம். அடுப்பும் அவங்களோடது, தண்ணியும் அவங்களோடது."

"எத்தனை பேர்க்கா?"

"எல்லாரும். உன் கணக்கு பலிச்சிடுச்சு. ஒட்டிக்கிச்சு."

என்னால் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை என்பதை வரலாற்றின் நலன் கருதிச் சொல்லிவைக்கிறேன். மற்ற நிபுணர்கள் கணக்கை நிஜத்துக்கு ஏற்றபடி திருத்துகிறார்கள். என் கணக்குக்கு ஏற்றபடி நிஜம் தன்னைத் திருத்திக்கொண்டது.

அந்தப் பெருமை மதியம்வரை இருந்தது. மதியம் நெர்மினின் கடையிலிருந்து போன் வந்தது. மருத்துவமனைக்கு ஓடினேன்.

நெர்மினின் வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் வழக்கம்போல வேலை செய்தது. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மேல்கெண்டி வரல. இழுத்தேன். ஆவிக்குப் போக வழியில்ல போல. கொதிக்கிற தண்ணி முழுக்க கெண்டி மூக்கு வழியா என் கைமேல துப்பிடுச்சு."

"ரொம்ப வலிக்குதா?"

"மருந்து போட்டிருக்காங்க. ரெஃபிக், ஒண்ணு கேக்கறேன். நீ இதைச் சோதிச்சுப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர் டீ குடிக்குமா?"

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

"எனக்காக ஒண்ணு பண்ணு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "முதலாளிகிட்டப் போய் விக்கறதை நிறுத்தச் சொல்லு. இன்னிக்கு என் கை. நாளைக்குக் குழந்தையைத் தூக்கிட்டு நிக்கறவ கையா இருக்கும்."

"நாளைக்கே சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் சொல்வதற்கு நான் வாய்ப்புத் தேட வேண்டியிருக்கவில்லை. முதலாளியே கூப்பிட்டார். நெர்மினின் கடையின் பெயரில் கீழ்த்தளத்துத் தொலைபேசிக்கு வந்த புகார் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிருந்தது. அவர்கள் 'விபத்துக்கான காரணம்' கேட்டிருந்தார்கள். ஆகவே முதலாளி, ஜெலால், முனெவ்வர் அக்கா, நான் என நால்வர் கொண்ட 'உண்மை அறியும் உயர்நிலைக் குழு' கூடியது. பழைய கெண்டியில் தேநீர் வந்தது.

"முதல்ல கணக்கு தப்பான்னு தெரியணும்" என்றார் முதலாளி.

"கணக்குல ரெண்டு கெண்டியும் ஒட்டியிருந்துச்சு" என்றேன். "நிஜத்துலயும் ஒட்டியிருக்கு."

ஜெலால் துள்ளி எழுந்தார். "அப்போ நூத்துக்கு நூறு பொருத்தம்! முதலாளி, எந்த வெளிநாட்டுக் கம்பெனியாலயும் இது முடியாது!"

"அந்தக் கணக்குல கை இருந்துச்சா?" என்று கேட்டார் முனெவ்வர் அக்கா.

"கையா?"

"கெண்டியத் தூக்கற கை."

"கை எங்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே" என்றேன். என் குரல் எனக்கே அச்சடித்த காகிதம்போலக் கேட்டது.

முதலாளி விரல்விட்டு எண்ணினார். "காரணம்னு எழுத மூணே வழிதான் இருக்கு. ஒண்ணு, கெண்டியோட வடிவம் தப்பு. அது நான் வரைஞ்சது. ரெண்டாவது, கணக்கு தப்பு. அது நூத்துக்கு நூறு. மூணாவது, தூக்கினவங்க தப்பு." சுற்றிப் பார்த்தார். "ஆமா, யாருப்பா அந்தப் பொம்பள? வெவரம் தெரியாதவ போல இருக்கு."

முனெவ்வர் அக்கா என்னைப் பார்த்தார். புகாரை எழுதி எடுத்தவர் அவர். அவருக்குத் தெரியும்.

"சொல்லு தம்பி" என்றார் மெதுவாக.

சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன வாக்கியம்தான். ஆனால் முதலாளி அதே மூச்சில், "இந்த வருஷம் துறையைப் பெருசாக்கலாம்னு இருக்கேன். ரெஃபிக்குக்குக் கீழ ரெண்டு பேர், ஜன்னல் இருக்கற அறை..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு ஜன்னல் என்ற சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது.

"விசாரிக்கணும்" என்றேன்.

'பயன்படுத்தியவரின் கவனக்குறைவே காரணம்' என்று அறிக்கை தயாராயிற்று. முனெவ்வர் அக்கா பேனாவைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அது அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக வந்தது.

வீட்டில் நெர்மின் இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். "சொன்னியா?"

"சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்படின்னா?"

"பெரிய இடத்துல எல்லாம் ஒரே நாள்ல சொல்லி முடிச்சிட முடியாது."

பிரச்சினை இதோடு முடிந்திருக்கும், முதலாளி நல்ல மனிதராக இல்லாதிருந்தால். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணை நேரில் பார்த்துப் பூங்கொத்து கொடுப்பது. புதிய கெண்டி ஒன்றைப் பரிசளிப்பது. அதைச் சரியாகக் கையாள்வது எப்படி என்று நிபுணரே விளக்கம் சொல்வது. உள்ளூர் நாளிதழில் படம் போடுவது. இவ்வளவும் ஜெலாலின் யோசனை. நிபுணர் வயிற்றுவலி என்றார். காரில் ஏற்றினார்கள். கால்வலி என்றார். கடை வாசலிலேயே கார் நிற்கும் என்றார்கள்.

கடைக்குள் முதலாளி முன்னே, பூங்கொத்தோடு ஜெலால் பின்னே, அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர், அவருக்கும் பின்னால் முடிந்தவரை ஒடுங்கிக்கொண்டு நான். நாலைந்து பெண்கள் சுருள்மாட்டிய தலையோடு திரும்பினார்கள். நெர்மின் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். கண் மலர்ந்தது. கடைசியில் முதலாளியிடம் சொல்லிவிட்டான், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்தப் பார்வையை எந்த அளவுகோலில் வைத்தாலும் நீலமாக்க என்னால் முடியாது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. எங்க நிபுணர் அறிக்கையே கொடுத்துட்டாரு, கவனக்குறைவுதான் காரணம்னு. ஆனாலும் நாங்க கோவப்படல. கெண்டிய எப்படிப் பிடிக்கணும்னு அவரே சொல்லித்தருவாரு. வாப்பா முன்னால!"

நெர்மினின் முகத்தில் மலர்ந்தது மெல்ல மூடியது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க சார்" என்றாள். என்னை அவள் 'சார்' என்று கூப்பிட்டது அதுவே முதல் முறை. "சொல்லுங்க சார். நான் எங்க தப்பு பண்ணேன்?"

"பொதுவா... சூடா இருக்கும்போது..." என்றேன்.

"சூடா இருக்கும்போது?"

"சூடா இருக்கும்போது தொடாம இருக்கறது நல்லது."

"சரி சார். டீயை ஆறினப்புறம் போடறேன்."

சுருள்மாட்டிய பெண்களில் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொருத்தி கண்ணைச் சுருக்கி என்னை உற்றுப் பார்த்தாள். "ஏண்டி நெர்மின், இது உன் வீட்டுக்காரரு இல்ல?"

முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா... உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியும்னு நெனச்சேன்" என்றாள் நெர்மின்.

முதலாளி பெரிய மனிதர். பெரிய மனிதர்கள் சுதாரித்துக்கொள்வதில் வல்லவர்கள். "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு! குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்கலாமே!" என்றார். ஜெலால் கைதட்டினார். புகைப்படக்காரர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நிற்கச் சொன்னார். நான் நகர்ந்தேன். அவள் நகரவில்லை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுருள்மாட்டிய பெண்கள் அன்று சாயங்காலத்துக்குள் கதையை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 'சிக்கனச் சிகரம்' மாபெரும் வரவேற்பின் காரணமாகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. முனெவ்வர் அக்காவிடம் சோதனைக்கூடத்துச் சாவி திரும்பி வந்தது; எந்த மன்னிப்பும் கூட வரவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு ஜன்னல் அறை கிடைத்தது. நெர்மினின் கை ஆறிவருகிறது. மறுபடி கத்தரிக்கோல் பிடிக்கிறாள். என்னோடு பேசுகிறாள். 'சார்' மட்டும் இன்னும் போகவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். மறுநாளே நாளிதழில் வந்தது. இடது பக்கம் நான், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. வலது பக்கம் நெர்மின், கட்டுப்போட்ட கையோடு, நேராகப் பார்த்தபடி. கீழே அச்சிட்டவர்கள் அவசரத்தில் இடம் வலம் மாற்றிவிட்டார்கள்: 'இடது: விபத்துக்குக் காரணமானவர். வலது: விளக்கமளிக்கும் நிபுணர்.'

ஜெலால் நாளிதழைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ரெஃபிக், பாத்தியா அநியாயத்தை! திருத்தம் போடச் சொல்லி எழுதட்டுமா?"

நான் இரண்டு முறை படித்தேன். வேண்டாம் என்றேன். எங்கள் கம்பெனி கெண்டியைப் பற்றி இதுவரை அச்சேறியதில் பிழையில்லாமல் வந்தது அந்த இரண்டு வரிதான்.